மடியில் இருந்த கொஞ்சம்

ஏப்ரல் 4, வெள்ளி

மயிலிக்கு மடி இறங்கத் தொடங்கிவிட்டது. தலைச்சன் ஈற்று. அடுத்த வாரத்துக்குள் கன்று போட்டுவிடும் என்று தோன்றுகிறது. காடு முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. மாசியில் ஒரு மழை வந்திருந்தால் கொழுக்கட்டைப் புல் கொஞ்சமாவது தலைகாட்டியிருக்கும். கிளுவை வேலிகூட இலையை உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாக நிற்கிறது.

மஞ்சுளா மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பும் முன் தொழுவத்துக்கு வந்து மயிலியின் விலாவைத் தடவிப் பார்த்தாள். எலும்பு கையில் தட்டுகிறது, சினை மாட்டுக்குக் கொஞ்சம் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டாள். கொட்டையும் புண்ணாக்கும் சீமை மாட்டுக்கு வேண்டும், காங்கயம் மாடு காய்ந்த புல்லிலேயே கன்று வளர்க்கும் என்று சொன்னேன். என் யூடியூப் வீடியோவில் நான் சொன்ன வாக்கியம் அது. அவளுக்கும் அது தெரியும்.

"வீடியோல பேசறதையெல்லாம் ஊட்ல பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பாசி வழுக்கி முழங்கையில் அடி.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூலனூர்ப் பக்கத்திலிருந்து தமயந்தி என்பவர் போட்டோ அனுப்பியிருந்தார். நம் 'மயிலைக் காடு' சேனல் தொடங்கிய நாளிலிருந்து பார்க்கிறவர். கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் குஜராத்தில். என் பேச்சைக் கேட்டுத் தன்னுடைய இரண்டு கலப்பின மாடுகளையும் விற்றுவிட்டு, போன வருடம் காங்கயம் செவலைக் கிடாரி ஒன்று வாங்கினார். அதுவும் இந்த மாதம் கன்று போடுமாம். "மயிலைக் காடு அண்ணா சொன்ன மாதிரியே வளர்க்கிறேன், தீவனம் எதுவும் போடவில்லை" என்று எழுதியிருந்தார்.

மஞ்சுளாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, பொண்ணு பாவம் என்று மட்டும் சொன்னாள். என்ன பாவம் என்று எனக்குப் புரியவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த வருடங்களில் யாரும் என்னை அண்ணா என்று கூப்பிட்டு யோசனை கேட்டதில்லை. 'மெர்சண்டைசர் நந்தகோபால், சாம்பிள் எங்கே' என்பதுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளை வருகிறேன் என்கிறான். நாளையும் இதையே சொல்வான்.

ஏப்ரல் 10, வியாழன்

மயிலி விடியும் நேரத்தில் கன்று போட்டது. கிடாரிக்கன்று. செம்மண்ணைக் குழைத்து உருட்டிவிட்டது போல இருந்தது. காங்கயம் கன்று அப்படித்தான் பிறக்கும், மாதங்கள் போகப் போகத்தான் வெளுக்கும். மயிலி நக்கி நக்கி உலர்த்தியது. கன்று எழுந்து, விழுந்து, மறுபடியும் எழுந்தது.

சீம்பால் வீடியோ போடுவதாகப் பல வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். நாட்டு மாட்டுச் சீம்பாலைப் பார்த்திராதவர்கள்தான் இன்றைக்கு அதிகம். ஒரு செம்பு கறந்தேன். மீதியைக் கன்றுக்கு விட்டுவிட்டேன். பால் நல்ல மஞ்சளாக, விரலில் ஒட்டும் அளவுக்குக் கெட்டி. கருப்பட்டிப் பாகும் ஏலக்காயும் சேர்த்து இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, காமிரா முன்னால் துண்டு போட்டுக் காட்டினேன். வில்லை வில்லையாக வந்தது. மஞ்சுளாவுக்கு ஒரு துண்டு நீட்டினேன். கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

சாயங்காலம். கன்று படுத்தே இருக்கிறது. வெயில் அதிகம்.

ஏப்ரல் 11, வெள்ளி

நேற்று மாலை நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

மஞ்சுளா கடையிலிருந்து வந்ததும் நேராகத் தொழுவத்துக்குப் போனாள். கன்றின் வாய்க்குள் விரலை விட்டாள். வாய் சில்லென்று இருக்கிறது, விரலைச் சப்பவே மாட்டேன் என்கிறது என்றாள். காது இரண்டும் தொங்கிப் போயிருந்தன. நான் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

சீம்பால் குடித்ததா என்றுதான் அவர் முதலில் கேட்டார். கன்று மடியில் வாய்வைத்துச் சரியாக ஊட்டவில்லை என்று சொன்னேன். கன்று பிறக்கும்போது நோயைத் தாங்கும் சக்தி எதுவும் அதன் உடம்பில் இருக்காது, அது சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும், நேரம் ஆக ஆகக் குடல் அதை வாங்காது, ஒரு நாள் தாண்டிவிட்டால் கொடுத்தும் பெரிய பிரயோசனம் இல்லை என்றார். காங்கயம் மாட்டுக்கு, அதுவும் மெலிந்த தலைச்சன் மாட்டுக்கு, பால் கொஞ்சம்தான் இறங்கும். ஆனால் கெட்டியானது. கன்றுக்கு அந்தக் கொஞ்சம் முழுவதும் வேண்டும். மடியில் இப்போது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் எந்த மாட்டுச் சீம்பாலாக இருந்தாலும் சரி, உடனே தேடிக் கொடுங்கள் என்றார்.

நான் போனை வைப்பதற்குள் மஞ்சுளா வேலியைத் தாண்டிப் போய்விட்டாள். பக்கத்துத் தோட்டத்து ருக்மணி அக்கா கருப்பு வெள்ளை எச்.எப். சீமை மாடுகள் வைத்திருக்கிறார், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அவருடைய கருப்பி போன வாரம்தான் கன்று போட்டது. கன்று குடித்து மிஞ்சிய சீம்பாலைப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருந்தாராம். அக்காவே எடுத்துக்கொண்டு வந்தார். அடுப்பில் வைக்கக் கூடாது, திரிந்துவிடும் என்று வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்திக் கரைய வைத்தார். கன்றின் தலையைத் தொடையில் சாய்த்துக்கொண்டு புட்டியில் கொடுத்தார். முதலில் வழிந்துகொண்டே இருந்தது. பிறகு தொண்டை அசைந்தது.

நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை கன்று எழுந்து நிற்கிறது.

ஏப்ரல் 12, சனி

வீடியோ போட்டாயிற்று. சீம்பால் வெட்டுவது, கன்று துள்ளுவது இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன. முடிவில் கொஞ்சம் பேசினேன். தாய் மடியில் இருப்பதே போதும், புட்டி வேண்டாம், பவுடர் வேண்டாம், அடுத்த மாட்டுப் பால் தொடவே வேண்டாம், சீமை மாட்டுப் பால் வெறும் வெள்ளைத் தண்ணீர் என்றெல்லாம் வந்துவிட்டது. பேச்சு வேகத்தில் வருவதுதான். வெட்டி எடுத்தால் முடிவு நொண்டியடிக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

மஞ்சுளா பார்த்தாள். "புட்டி எங்க? இங்க கட்டுத்தரைத் தூண்ல மாட்டியிருந்துதே" என்று கேட்டாள். படம் எடுக்க இடைஞ்சலாக இருந்ததால் எடுத்து உள்ளே வைத்தேன் என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இதுவரை எந்த வீடியோவையும் இத்தனை பேர் பார்த்ததில்லை. ருக்மணி அக்கா இந்தப் பக்கம் வரவில்லை. வேலை இருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மஞ்சுளா பாயசம் வைத்து, அக்கா வீட்டுக்கு நீங்களே கொண்டு போங்கள் என்று தூக்குப்போசியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

அக்கா கருப்பியைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். பாயசத்தைக் கொஞ்சம் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். நான் கிளம்புகிற சமயத்தில்,

"வீடியோ பாத்தேன் தம்பி. கன்னு நல்லாத் துள்ளுது" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். உள்ளே போய் இன்னொரு பாட்டிலை எடுத்து வந்தார். "இதுதாங் கடேசி. கருப்பி நல்ல பாலுக்கு வந்துட்டா. பேதி கீதி வராம இருக்க இன்னும் ரண்டு வேளை கலந்து குடுங்க."

பாட்டிலைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தேன். வெயில் பட்டால் கெட்டுவிடும் என்பதால்.

ஏப்ரல் 16, புதன்

தமயந்தியின் செவலை இன்று காலை கன்று போட்டுவிட்டதாம். காளைக்கன்று. போட்டோவில் கன்று நிற்கவில்லை, தாயின் காலடியில் கிடக்கிறது. வாழ்த்துகள் என்று அனுப்பினேன், பூங்கொத்துப் படம் வைத்து.

மோட்டார் மெக்கானிக் ஒருவழியாக வந்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

நேற்று மதியம் தமயந்தி பலமுறை கூப்பிட்டிருக்கிறார். மோட்டார் வேலை நடந்துகொண்டிருந்தது. போன் சைலன்டில் கிடந்ததால் கவனிக்கவில்லை. இன்று கூப்பிட வேண்டும்.

மயிலிக்குக் கொஞ்சம் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டேன். வீடியோவில் வேண்டாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

கூப்பிடவில்லை. நாளைக்கு.

ஏப்ரல் 19, சனி

காலையில் தமயந்தியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவன் ஈரக் கையோடு அழுத்திவிட்டேன். சத்தமாகக் கேட்டது.

"அண்ணா, கன்னு போயிருச்சுங்க அண்ணா. நேத்திருந்து கழிஞ்சுகிட்டே இருந்துது. ஊசி போட்டாங்க, நிக்கல. உங்களுக்கு வேலை இருந்திருக்கும்னு தெரியும். தகவலுக்குச் சொன்னனுங்க."

பின்னால் ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது. மஞ்சுளா வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் முன்னாலேயே உங்களைக் கூப்பிடவில்லையா என்று கேட்டாள். புதன்கிழமை கூப்பிட்டிருக்கிறார், போன் சைலன்டில் இருந்தது என்றேன்.

"புதங்கிழமை மத்தியானம் நானும் கூப்பிட்டேன். மோட்டார் சரியாச்சான்னு கேக்க. ஒடனே எடுத்தீங்களே" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போன் சைலன்டில் இல்லை. கையில்தான் இருந்தது. பெயர் திரையில் தெரிந்து, அணைந்து, மறுபடி தெரிந்தது. மெக்கானிக்கூட, போன் அடிக்குதுங்களே என்றான்.

எடுத்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். போட்டோவைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. டாக்டரம்மா என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். எந்த மாட்டுச் சீம்பாலாக இருந்தாலும் தேடிக் கொடுங்கள் என்று. நாலு நாளைக்கு முன்னால் அதைத் தொடவே வேண்டாம் என்று சொன்னவன் நான். வீடியோ அப்போது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் போகட்டும், ஓய்ந்த பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கன்றுக்கு இரண்டு நாள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நினைத்தேன்.

இன்னொன்று. பத்தாம் தேதி, ஒரு செம்பு கறந்துகொண்டு மீதியைக் கன்றுக்கு விட்டேன் என்று எழுதியிருக்கிறேன். மீதி எதுவும் இல்லை. மடியில் இருந்ததே அந்தச் செம்புதான். செம்பு நிறையவில்லை, காமிராவில் குறைவாகத் தெரியும் என்று நாலு காம்பையும் ஒட்ட ஒட்டப் பிழிந்தேன். கன்று பக்கத்தில் நின்று என் முழங்கையை முட்டிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மாவிடம் கன்று ஊட்டவில்லை என்று சொன்னதும் பொய். அது ஊட்டத்தான் வந்தது.

சீம்பாலை நான்தான் முழுக்கத் தின்றேன். கெட்டுவிடுமே என்று.

ஏப்ரல் 21, திங்கள்

மூலனூருக்குப் போய் வந்தேன். மஞ்சுளா கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றே இருந்தது. ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திச் சும்மா உட்கார்ந்திருந்தேன். டீ ஆற்றுகிறவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, மயிலைக் காடு சாரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

தமயந்தி வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. மாடு கத்துகிற சத்தம் சந்துமுனைக்கே கேட்டது. ஓட்டு வீடு, முன்னால் வேப்பமரம், மரத்தடியில் செவலை. மடி கல்லாக இறுகிக் கிடந்தது. நம் மாடுகள் கன்று பக்கத்தில் இல்லாமல் பால் விடாது. தமயந்தி வெந்நீரில் துணியை நனைத்து மடிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணா, இத்தனை தூரம் நீங்களே வந்தீங்களா" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வைத்துக் கொடுத்தார். பாக்கெட் பால் டீ. இரண்டு கறவை மாடு இருந்த வீடு அது.

தின்பண்டம் ஏதாவது வாங்கி வரச் சொல்லத் தன் பெண்ணைக் கூப்பிட்டார். அந்தக் குழந்தை கதவுக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை. அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மயிலியின் மடியை நான் ஒட்டக் கறந்தது, கன்று சாகக் கிடந்தது, பக்கத்துத் தோட்டத்து மாட்டுச் சீம்பால் கொடுத்துப் பிழைக்க வைத்தது, அதை மறைத்து வீடியோ போட்டது, அவர் கூப்பிட்டபோது போனைக் கையில் வைத்துக்கொண்டே எடுக்காதது. வரிசையாக வரவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

அவர் ஒத்தடத் துணியைப் பிழிந்து, மறுபடி நனைத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். நான் முடித்தபிறகு கேட்டார்.

"அந்தப் பக்கத்துத் தோட்டத்து மாடு என்ன மாடுங்ண்ணா?"

"எச்.எப். கலப்புங்க."

எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தகரக் கொட்டகையில் ஒரு கருப்பு வெள்ளை மாடு நின்றது. அதன் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது.

"அது எங்குளுதுக்கு ரண்டு நாள் முந்திப் போட்டுதுங்க. எங்க கன்னு எந்திரிக்காம கெடக்கறதைப் பாத்துட்டு அந்த அம்மாவே ஒரு போசில சீம்பால் கொண்டாந்தாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். எங்கண்ணன் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு சொல்லியே திருப்பி அனுப்பினேன். அப்பறம் மனசு கேக்கல. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போயி வாங்கிக்கலாம்னுதான் கூப்புட்டேன். நீங்க சரின்னா, அவிய முன்னால போயி நிக்கறதுக்கு எனக்கு வெக்கமா இருந்திருக்காதுங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவன். அந்த வார்த்தையை எடுத்து அவர் முன்னால் வைப்பதே இன்னொரு தொந்தரவு என்று பட்டது.

"டீ ஆறுதுங்க, குடிங்க" என்றார்.

குடித்தேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "இந்த மாட்டை நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயிருங்க அண்ணா. வெலையெல்லாம் அவர் வந்தப்பறம் பேசிக்கலாம். இது கத்தறதைக் கேட்டுப் பாப்பா ஒரு வாய் திங்க மாட்டேங்குது."

கேட்டதும் சரி என்றேன். செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று ஒரு நிம்மதி வந்தது. வண்டியில் திரும்பும்போது அந்த நிம்மதியும் அசிங்கமாக இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

டெம்போவில் செவலை வந்து இறங்கியது. வழியெல்லாம் கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. மயிலியின் கன்றைப் பக்கத்தில் விட்டேன். மயிலிக்குப் பால் இன்னும் போதவில்லை, இதனிடம் பாலை வாங்க ஆள் இல்லை, இரண்டுக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். செவலை மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. கன்று சுவரில் போய் விழுந்தது.

ஏப்ரல் 23, புதன்

வீடியோ எடுத்தேன். உண்மையைச் சொல்லும் வீடியோ. மஞ்சுளாவிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தாள்.

"இதுல நீங்க அழுகறதுதான் இருக்குது. இன்னைக்கு ஒருத்தர் ஊட்ல கன்னு எந்திரிக்காமக் கெடந்தா, இதைப் பாத்து என்ன பண்ணுவாங்க?"

இரண்டாம் முறை பார்த்தேன். அவள் சொன்னது சரி. என் முகம்தான் பெரிதாக இருந்தது. பின்னணியில் மெலிதாக ஒரு பாட்டுக்கூடப் போட்டிருந்தேன். அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

புதிதாக எடுத்தேன். முகம் காட்டவில்லை. கன்றையும் மடியையும் புட்டியையும் காட்டினேன். போன வீடியோவில் நான் சொன்னது பொய், இந்தக் கன்று பிழைத்தது பக்கத்துத் தோட்டத்து எச்.எப். மாட்டுச் சீம்பாலில், என் பேச்சை நம்பி அதை வேண்டாம் என்றவர் வீட்டில் கன்று செத்துவிட்டது என்று முதலிலேயே சொன்னேன். பிறகு செய்ய வேண்டியது. கடைசி மாதங்களில் சினை மாட்டுக்குத் தீவனம் போடுங்கள். கன்று எழுந்ததும் மடியில் விடுங்கள். நாட்டு மாட்டுக்கு இருப்பது கொஞ்சம், அதில் கை வைக்காதீர்கள். போதவில்லை என்றால் யார் வீட்டு மாடாக இருந்தாலும் அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

சின்ன வீடியோ. பழையதை நீக்கிவிட்டேன். நீக்குவதற்கு முன்னால் அதன் கீழே எத்தனை பேர் என்னை வாழ்த்தியிருந்தார்கள் என்று ஒருமுறை பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 25, வெள்ளி

சீமைக் கம்பெனிக்காரனிடம் விலை போய்விட்டேன் என்கிறார்கள். துரோகி என்கிறார்கள். ஒருவர், எங்கள் வீட்டிலும் போன மாதம் இப்படித்தான் ஒரு கன்று போயிற்று, உங்கள் பழைய வீடியோ பார்த்துத்தான் என்று எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயர் போடவில்லை.

போன மாதம். அப்படியென்றால் அதற்கும் முந்தைய வீடியோ. தேடிப் பார்த்தேன். இருக்கிறது. ஒரு வருடத்துக்கு முன்னால் போட்டது. அதிலும் இதே பேச்சு. எனக்கு நினைவே இல்லை.

ஏப்ரல் 26, சனி

செவலையின் சத்தம் கேட்டு ருக்மணி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளேயே வந்துவிட்டார். கன்றை இப்படி வெறுமனே விட்டால் சேர்க்காது என்றார். செவலையிடமே கொஞ்சம் பால் கறந்து, அதில் நாட்டுச் சர்க்கரையும் ஒரு பிடி உப்பும் கரைத்து, கன்றின் தலையிலிருந்து வால்வரை பூசிவிட்டார். செவலையின் முன்னால் கொட்டைத் தொட்டியை வைத்தார். அது தின்னும்போது கன்றைப் பின்னங்கால்களுக்கு நடுவிலிருந்து ஊட்ட விட்டார். உதைத்தது. மறுபடி விட்டார்.

அக்கா கைகழுவும்போது சொன்னேன், அன்றைக்கு வீடியோவில் அப்படிப் பேசியது தப்பு என்று. தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்காமல்.

"கன்னுக்குன்னு கேட்டு வந்தா இல்லைன்னு சொல்ல முடியுமா தம்பி. அதுக்காக நீங்க என்னையப் பாராட்டிப் பேசோணும்னு நெனைக்கல." கையை உதறினார். "ஆனா அன்னைக்கு அந்த ரண்டாவது பாட்டலைத் துணிப்பைல ஒளிச்சு எடுத்துட்டுப் போனீங்க பாருங்க. அப்பத்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு."

அவர் பார்த்திருக்கிறார்.

ஏப்ரல் 28, திங்கள்

உப்பு, சர்க்கரை, உதை. முழங்காலில் வீக்கம். மஞ்சுளா கடையிலிருந்து களிம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அவளே பூசிவிடவில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மே 1, வியாழன்

இன்று செவலை கன்றை நக்கியது. முதலில் உப்புக்காக நக்குகிறது என்று நினைத்தேன். பூசாத இடத்தையும் நக்கியது. கழுத்தடி, காதுக்குள், கண்ணோரம். பிறகு கன்று மடிக்குப் போனது. செவலை கால் தூக்கவில்லை. கன்றின் வாயோரத்தில் நுரை கட்டியது. மடி தளர்வதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. கத்தல் நின்றுவிட்டது.

மஞ்சுளா கடைக்குக் கிளம்பியவள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்றாள்.

மே 2, வெள்ளி

காலையில் தமயந்தியைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் பலவிதமாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். மணி அடித்தவுடன் எடுத்துவிட்டார்.

செவலை கன்றைச் சேர்த்துக்கொண்டது, பால் விடுகிறது, கத்துவதில்லை, மேய்கிறது என்று சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அதைத் திரும்பச் சொல்வது கேட்டது. குழந்தை ஏதோ கேட்டாள். கன்றுக்கு என்ன பெயர் என்று பாப்பா கேட்கிறாள் என்றார். இன்னும் வைக்கவில்லை என்றேன். எப்போது வேண்டுமானாலும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கள், நான் வாரம் ஒருமுறை கூப்பிட்டுத் தகவல் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"இதைக் கேட்டதே போதுமுங்க. மாடு நல்லா இருக்கட்டும். வெலை விசயம் அவரே பேசிக்குவாரு. நீங்க இனிமேட்டு எங்களைக் கூப்பிட வேண்டாமுங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரை வழியனுப்புகிற குரலில் சொன்னார். சரிங்க என்றேன். நான் வைக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். வைத்தேன்.

கன்று இரண்டு மாடுகளுக்கும் நடுவில் படுத்திருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் விடப் போனேன்.